ஏழு ஓட்டு

மொத்தம் பதிவு அறுநூற்றுப் பன்னிரண்டு என்று
பதினேழு சி படிவத்தில் கையெழுத்துப் போட்டு
நகலைச் சட்டைப் பையில் மடித்து வைத்தேன்.
அதில் உங்களுடையது ஏழு என்பது
அப்போது பெட்டிக்குள் இருந்தது, வல்மீகம் அண்ணே.

முதல் தடவை
இதே பள்ளிக்கூடத்தில் நானூறைத் தாண்டியது.
தொண்டியிலிருந்து மோர்ப்பண்ணை வரை
திறந்த ஜீப்பில் நின்றபடி வந்தீர்கள்,
விழுந்த துண்டுகளில் கழுத்தே தெரியவில்லை.
ஆரத்தித் தட்டில் நீங்கள் வைத்த ஐந்நூறு ரூபாயைத்
தட்டோடு நீட்டினாள் பாகம்பிரியாள்:
"காசு வேணாம். கல்லக் கொண்டாந்து கொட்டு."
தூண்டில் வளைவைத்தான் கேட்டாள்.
முந்தின வாடைக்கு
அவள் அடுப்படி வரை கடல் வந்து போயிருந்தது.

நோட்டீசில் போடவென்று என் கடையில் நீங்கள்
ஜெராக்ஸ் எடுத்த சட்டமன்றக் குறிப்புகளை
ஒரு பக்கம் விடாமல் படித்தவன் நான்.
ஐந்து வருசத்தில் பதினோரு நிமிடம் பேசியிருக்கிறீர்கள்.
அதில் நான்கு நிமிடம் நன்றி.
"எங்கள் பகுதியில் கடல் அரிப்பு" என்று தொடங்கிய இடத்தில்
(மணி அடிக்கப்பட்டது) என்று இருக்கிறது.
அமைச்சரின் பதில்: பரிசீலனையில் உள்ளது.
அதற்குக் கீழே
(மேசையைத் தட்டும் ஒலி).
அந்த ஒலியில் உங்கள் கையும் இருந்ததா
என்பது குறிப்பில் இல்லை.

இரண்டாம் தடவை வேட்டியின் கரை மாறியிருந்தது.
பழைய சின்னத்தை அழிக்காமல் மேலேயே பூசியதில்
மழைக்குப் பிறகு சுவரில் இரண்டும் தெரிந்தன.
இருந்தும் ஜெயித்தீர்கள்,
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஆறு வித்தியாசத்தில்.
கல்லும் வந்தது. பதினாறு லாரி.
முழங்கால் ஆழம் வரை நேராகப் போய்
வளைய வேண்டிய இடத்தில் நிதி முடிந்தது.
வளையாத தூண்டிலில் எது மாட்டும் என்று
டீக்கடையில் கேட்டார்கள்.
நாமதான் என்றான் ஒருவன்.
நானும் சிரித்தேன், மன்னிக்கணும்.

மூன்றாவது, தோல்வி.
ஒருநாள் கடைக்கு வந்து
"இதுல சார்ஜ் இருக்கா பாருப்பா" என்று போனை நீட்டினீர்கள்.
இருந்தது. தொண்ணூற்றிரண்டு சதவீதம்.

அந்த வருசம்தான்
நெடுந்தீவுப் பக்கம் பிடிபட்ட செய்யது நைனா படகின்
ஆறு பேருக்காகச்
சென்னைக்கு மூன்று தடவை பஸ்ஸில் போனீர்கள்,
சொந்தக் காசில்,
ஒவ்வொரு அறை வாசலிலும்
"முன்னாள்" என்று நீங்களே சொல்லிக்கொண்டு.
அதற்கு நடவடிக்கைக் குறிப்பு எதுவும் இல்லை.
ஆறு பேரும் வந்தார்கள். படகு வரவில்லை.

நாலாவது தடவை சுயேச்சை.
படகுச் சின்னம் கேட்டீர்கள்,
குலுக்கலில் தையல் மிஷின் விழுந்தது.
"கிழிஞ்சதத் தைப்போம்" என்று மைக்கில் சொல்லிப் பார்த்தீர்கள்.
தடைக்காலம். கரையில் வலை பொத்திக்கொண்டிருந்தவர்கள்
தலை நிமிரவில்லை.
எங்களுக்கு அறுபத்தோரு நாள் என்று அரசாணை இருக்கிறது.
உங்களுக்கு எத்தனை நாளென்று
ஒருவரும் எழுதித் தரவில்லை.

எண்ணி முடித்த மறுநாள் நன்றி சொல்ல வந்தீர்கள்.
டெபாசிட் போனவர் நன்றி சொல்ல வந்து
இந்தக் கரை பார்த்ததில்லை.
"அந்த ஏழுல நான் ஒருத்தன்" என்றார் ஐஸ் பிளாண்ட் சகாயம்.
"நானும் வீட்டுக்காரியும்" என்றார் ஏலக்காரர் பூவலிங்கம்.
நண்டுக் கம்பெனி விட்டு வந்த பெண்கள்
கூட்டமாகவே சொன்னார்கள்.
பொழுது சாய்வதற்குள் ஏழு நாற்பத்து மூன்றாகியது.
ஒருவரையும் கழிக்காமல்
எல்லார் கையையும் பிடித்துக்கொண்டீர்கள்.

பாகம்பிரியாள் மட்டும் சொன்னாள்:
"நான் போடல. கல்லு பாதில நிக்குது."
அவள் கையை விட உங்களுக்கு நேரமாயிற்று.

என்னிடம் கேட்கவில்லை.
ஏஜெண்டிடம் யார் கேட்பார்கள்.

அந்த நகல் இன்னும் சட்டைப் பையில் கிடக்கிறது.
துவைத்ததில் அதிகாரியின் மைப்பேனா எண்களெல்லாம் கரைந்துவிட்டன.
என் கையெழுத்து மட்டும்
அப்படியே,
நீலமாக.